திட்டிலே பிறந்த ஆட்டம், ஊட்டியிலே வளர்ந்தது!

ஊட்டி:-

திட்டினால் என்ன கிடைக்கும்? அடிதடி கிடைக்கும். போலீஸ் ஸ்டேஷன் வாசல் கிடைக்கும். கோர்ட்டு வாய்தா கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு திட்டு மட்டும் உலகத்துக்கு ஒரு விளையாட்டையே கொடுத்தது. அந்த விளையாட்டுக்குச் சட்டதிட்டம் எழுதிச் சுவரில் மாட்டிய ஊர், நம்ம ஊட்டி!

அந்தத் திட்டின் பெயர் "ஸ்னூக்கர்".

பச்சைத் துணி விரித்த பெரிய மேஜை. அதன்மேல் 22 பந்துகள். வெள்ளை ஒன்று, சிவப்பு 15, மற்ற கலர்கள் ஆறு. நீளக் கோலால் தட்டி, மேஜை ஓரத்துப் பைகளில் பந்தை விழ வைக்க வேண்டும். இந்த ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் "ஸ்னூக்கர்னா என்னப்பா அர்த்தம்?" என்று கேட்டால், ஆடுகிறவர்களிலேயே பாதிப்பேர் முழிப்பார்கள்.

அர்த்தம் இதுதான்: கத்துக்குட்டி. ஒன்றும் தெரியாத பயல்!

மழைக்கால ராத்திரி

இந்தச் சொல் விளையாட்டின் பெயரான கதை ருசிகரமானது. அதன் விவரம் வருமாறு:-

1875-ம் ஆண்டு. இப்போதைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ஜபல்பூர். அங்கே முகாம் போட்டிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் நெவில் சேம்பர்லின் என்று ஒரு இளம் அதிகாரி. வயது இருபதைத் தொடவில்லை. மழைக்காலம். வெளியே போக வழி இல்லை. அதிகாரிகள் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையைச் சுற்றி நின்று, பணம் கட்டி பந்து ஆடிக்கொண்டு இருந்தார்கள். ஆட்டம் சலித்துப் போகவே, சேம்பர்லின் இன்னும் சில கலர் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். ஆட்டம் சூடு பிடித்தது.

ஒருநாள் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஒரு அதிகாரி விருந்துக்கு வந்து இருந்தார். இங்கிலாந்தில் ஊல்விச் என்ற ஊரில் உள்ள ராணுவப் பள்ளியில் படித்தவர் அவர். பேச்சுவாக்கில், "எங்க பள்ளிக்கூடத்தில் முதல் வருஷத்துப் பையனை ஸ்னூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள்" என்று சொன்னார். கல்லூரி ராக்கிங்கில் புதுப்பையனுக்குப் பட்டப்பெயர் வைப்பது போலத்தான் இதுவும்.

சேம்பர்லினுக்கு அந்தச் சொல் புதுசு. மனதில் பதிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில், ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு சுலபமான பந்தைக் கோட்டை விட்டார். பை வாயிலேயே இருந்த பந்து அது! உடனே சேம்பர்லின், "நீ சரியான ஸ்னூக்கர்தான்யா!" என்று சத்தம் போட்டார்.

சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. அர்த்தத்தை விளக்கிச் சொல்ல வேண்டியது ஆயிற்று. சொன்ன பிறகுதான், திட்டு வாங்கியவரின் மனசு நோகக் கூடாதே என்று சேம்பர்லினுக்குத் தோன்றியது. அவர் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "இந்த ஆட்டத்தில் நாம எல்லாருமே ஸ்னூக்கர்தான். அதனால ஆட்டத்துக்கே அந்தப் பேரை வெச்சிடலாம்."

எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது.

இந்த விவரத்தை சேம்பர்லினே 1938-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதமாக எழுதினார். (அதே 1938-ல் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்ட பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வேறு ஆள். பெயர் ஒன்றுதான்.)

ஊட்டி கிளப் சுவரில்

ஜபல்பூரில் பிறந்த ஆட்டம் ஊட்டிக்கு எப்படி வந்தது?

1870-ல் இருந்து ஊட்டி, சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரம். வெயில் ஏறினால் கவர்னர் முதல் குமாஸ்தா வரை மூட்டை கட்டிக்கொண்டு மலையேறுவார்கள். ஊட்டி ரெயில் எல்லாம் அப்போது கிடையாது. ரெயில் குன்னூருக்கு வந்ததே 1899-ல்தான்; ஊட்டியை எட்டியது 1908-ல். அதற்கு முன்னால் குதிரையும் மாட்டு வண்டியும்தான்.

1881-ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக ராபர்ட்ஸ் துரை வந்தார். அவருடைய அலுவலர் குழுவில் சேம்பர்லினும் ஒருவர். கோடைதோறும் ஊட்டி வாசம். மாலை ஆனால் ஊட்டி கிளப்பில் பந்தாட்டம். 1841-ல் தொடங்கப்பட்ட அந்தக் கிளப்பில்தான் ஸ்னூக்கரின் விதிமுறைகள் முதன்முதலாக எழுதப்பட்டு, பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. அதுவரைக்கும் ஆளுக்கு ஒரு விதமாக ஆடிக்கொண்டு இருந்த ஆட்டம், ஊட்டியில்தான் ஒழுங்குக்கு வந்தது.

பிறகு அது கப்பல் ஏறி இங்கிலாந்து போயிற்று. 1927-ல் முதல் உலக சாம்பியன் போட்டி நடந்தது. 1984-ல் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தை இந்தியாவின் ஓ.பி.அகர்வால் வென்றார். 1985-ல் இங்கிலாந்தில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டம் நடுராத்திரி தாண்டியும் நீண்டது. 1 கோடியே 85 லட்சம் பேர் தூங்காமல் டி.வி. முன்னால் உட்கார்ந்து இருந்தார்கள்.

இங்கிலீஷ் பேச்சிலும் அந்தச் சொல் புகுந்துவிட்டது. எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டவனை "ஸ்னூக்கர் ஆகிவிட்டான்" என்பார்கள். இத்தனைக்கும் மூலம், பந்தைத் தவறவிட்ட ஒருவரைப் பார்த்துச் சொன்ன ஒரு திட்டு!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திட்டினவர் அவரைத் தனியாக விட்டுவிடவில்லை. "நாமும் அப்படித்தான்" என்று தானும் சேர்ந்துகொண்டார். திட்டின் விஷம் அங்கேயே இறங்கிவிட்டது.

சந்தைக் கடைக்காரரின் கோபம்

விஷம் இல்லாத திட்டைத் தேடியவர்கள் உலகத்தில் நிறையப் பேர்.

பெல்ஜியம் நாட்டுக்காரர் ஹெர்ஜே. டின்டின் படக்கதைகளை வரைந்தவர். அவர் கதையில் ஹேடாக் என்று ஒரு கப்பல் கேப்டன் வருவார். 1941 வாக்கில் அறிமுகமான பாத்திரம். மூக்கு நுனியில் கோபம். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் படிக்கிறவர்கள் குழந்தைகள். கெட்ட வார்த்தையை அச்சில் போட முடியுமா?

அப்போதுதான் ஹெர்ஜேக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. 1933-ல் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாலு வல்லரசுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. பத்திரிகை முழுக்க அதே பேச்சு. அந்தச் சமயம் சந்தையில் ஒரு கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் வாய்த்தகராறு. கடைக்காரருக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வாயில் என்ன வருகிறது என்று தெரியாமல், "அடே நாலு வல்லரசு ஒப்பந்தமே!" என்று கத்திவிட்டார்.

ஹெர்ஜேக்கு விஷயம் பிடிபட்டது. சொல்லில் ஒன்றும் இல்லை. சொல்லுகிற வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது! அதன்பிறகு கேப்டன் ஹேடாக், பூச்சி பெயரையும் பாறை பெயரையும் வைத்தே ஆட்களைத் திட்டித் தீர்த்தார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அமெரிக்காவில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். 1978-ல் "பேட்டில்ஸ்டார் கலாக்டிகா" என்று ஒரு டி.வி. தொடர். ஆகாயக் கப்பலில் நடக்கும் கதை. பட்டாளத்துக்காரர்கள் கெட்ட வார்த்தை பேசாமல் இருப்பார்களா? ஆனால் டி.வி.யில் பேச அனுமதி இல்லை. ஆகவே "ஃபிராக்" என்று ஒரு புதுச்சொல்லை உண்டாக்கினார்கள். 2003-ல் அந்தத் தொடரை மறுபடி எடுத்தபோது ஒரு தமாஷ் செய்தார்கள். இங்கிலீஷில் கெட்ட வார்த்தைக்கு "நாலெழுத்து வார்த்தை" என்று பெயர். ஐந்து எழுத்தாக இருந்த ஃபிராக்கில் ஒரு எழுத்தைப் பிடுங்கிவிட்டு, அதையும் நாலெழுத்தாக ஆக்கிவிட்டார்கள்! பிறகு வேறு தொடர்களில் வரும் பாத்திரங்களும் "ஃபிராக்" என்று திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

தலையா... வாயா...

நம்ம ஊருக்கு வருவோம். தமிழ் சினிமாவில் சென்சார் உண்டு. வாய்க்கு வந்ததை எல்லாம் பேசிவிட முடியாது. அந்தக் கத்திரிக்குள் நின்றுகொண்டே திட்டுவதைக் கலையாக்கிக் காட்டியவர் கவுண்டமணி.

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் காதில் விழுகிற அதே கோவைப் பக்கத்துப் பேச்சு. எதிரே செந்தில். திட்டும் முறை மிக எளிது. கண்ணில் படுகிற பொருள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதன் பின்னால் "தலையா" என்றோ "வாயா" என்றோ ஒட்ட வைக்க வேண்டியது. முன்னால் ஒரு "டேய்". அவ்வளவுதான்! அண்டா, குண்டா, அடுப்பு, ஸ்டவ் எல்லாமே திட்டாகிவிடும். அர்த்தம் என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனால் கொட்டகை அதிரும்.

செந்திலின் பங்கு அதில் பாதி. எத்தனை திட்டினாலும் "அண்ணே" என்று அடுத்த சந்தேகத்தோடு வந்து நிற்பார். கடைசியில் ஏமாறுகிறவர், திட்டினவர்தான். ஆகவே கொட்டகையில் இருந்து வீட்டுக்குப் போகிறவன் யாரும், திட்டு வாங்கியவன் மட்டமானவன் என்று நினைத்துக்கொண்டு போகவில்லை.

1984-ல் வந்த "வைதேகி காத்திருந்தாள்" படத்தில் கவுண்டமணிக்கு "ஆல் இன் ஆல் அழகுராஜா" என்று பெயர். எல்லாம் தெரிந்த மாதிரி அலட்டுகிறவனை ஊரே அந்தப் பெயரால் கேலி செய்தது. 2013-ல் அதுவே ஒரு படத்தின் பெயராகவும் ஆயிற்று. 1993-ல் வந்த "ஜென்டில்மேன்" படத்தின் நகைச்சுவைக் காட்சியில் வந்த "டிக்கிலோனா" என்ற அர்த்தமே இல்லாத சொல், 2021-ல் படப் பெயராக வந்தது.

மங்குனி மலையேறினார்

அடுத்து வந்தவர் வடிவேலு. 2003-ல் வந்த "வின்னர்" படத்தில் அவர் "கைப்புள்ள". வாய்ச்சவடால் பேசிவிட்டு அடிவாங்கும் பாத்திரம். 2006-ல் "இம்சை அரசன் 23-ம் புலிகேசி". அதில் ராஜாவிடம் தினம் திட்டு வாங்கும் அமைச்சர் பெயர் மங்குனிப் பாண்டியன். இளவரசு நடித்தார். "மங்குனி" என்றால் மந்தமானவன்.

படம் வந்த பிறகு அந்தச் சொல்லுக்குக் கால் முளைத்தது. அரசியல் மேடைக்குப் போயிற்று. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் எடுக்கிற முதல் ஆயுதம் "மங்குனி அமைச்சர்". ஆபீசில் பைலைத் தொலைத்தவன் மங்குனி. கடையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தவன் மங்குனி.

நீலகிரியில் இந்த மாதிரிச் சொற்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இந்த மலையில் தமிழ் மட்டும் பேச்சு இல்லை. படுகு உண்டு. தோடர் மொழி, கோத்தர் மொழி உண்டு. கூடலூர்ப் பக்கம் போனால் மலையாளம், கன்னடம். ஒரு பஸ்சுக்குள்ளேயே நாலு பாஷை கேட்கும். ஒருத்தர் பாஷையில் சாதாரணச் சொல், இன்னொருத்தர் காதுக்குத் தப்பாகக் கேட்கலாம். ஆனால் சினிமாத் திட்டு எல்லோருக்கும் பொது. "கைப்புள்ள" என்றால் பஸ்சே சிரிக்கும்.

முக்கியமாக, ஜனங்கள் அந்தப் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொள்கிறார்கள். "நாமளே ஒரு கைப்புள்ள, நமக்கு எதுக்குப்பா வம்பு?" என்று பேசுகிறவர்களை எங்கும் பார்க்கலாம். சங்கம் வைத்து அடிவாங்கிய அந்தக் கைப்புள்ளயின் "வருத்தப்படாத வாலிபர் சங்கம்" 2013-ல் ஒரு படத்தின் பெயராகவே வந்தது. 1875-ல் "நாம எல்லாருமே ஸ்னூக்கர்தான்" என்று சொன்ன கதைதான் இதுவும்.

சிரிப்பு வராத திட்டுகள்

ஆனால் எல்லாத் திட்டும் இப்படி இல்லை. தினசரி நாக்கில் புரளுகிற சில சொற்களைத் திருப்பிப் பார்த்தால் பகீர் என்கிறது.

"கம்மனாட்டி" என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிறார்கள். அதற்கு அகராதிப்படி அர்த்தம் விதவை. புருஷனை இழந்த ஒரு பெண்ணின் துக்கம்தான் இங்கே வசவு.

"கேப்மாரி" என்கிறார்கள். அது ஒரு கூட்டத்தாரின் பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் புத்தகங்களில், திருட்டுத் தொழில் செய்கிறவர்கள் என்று எழுதி வைக்கப்பட்டவர்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்களைப் "பிறவிக் குற்றவாளி" என்று பதிவு செய்ய 1871-ல் ஒரு சட்டமே போட்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ஒழிந்தது. ஆனால் சொல் ஒழியவில்லை. 2019-ல் ஒரு படத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்கள்.

இங்கிலீஷ்காரன் ஒதுக்கி வைக்கப்பட்டவனை "பாரியா" என்பான். தமிழ்நாட்டில் பறை அடிக்கிற ஒரு சமூகத்தின் பெயரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் 400 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறகு அதை வசவாகவே ஆக்கிவிட்டார்கள். இங்கிலாந்துக்குப் போன சொற்களில் ஸ்னூக்கரும் ஒன்று, பாரியாவும் ஒன்று. ஒன்று விளையாட்டு ஆயிற்று. இன்னொன்று தீராத வடு ஆயிற்று.

தேயிலைத் தோட்டத்தில்

இந்த வடு நீலகிரிக்குப் புதுசு இல்லை.

1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி இலங்கை மலையகத் தோட்டங்களில் இருந்த 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அதுதான் பின்னால் "டான்டீ" ஆயிற்று. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் வட்டாரங்களில் அவர்கள் குடியேறினார்கள்.

இலங்கையில் இருந்தவரை அவர்களைத் "தோட்டக்காட்டான்" என்று இழிவாகப் பேசினார்கள். இங்கே வந்தால் "சிலோன்காரன்", "அகதி". அங்கேயும் அந்நியன், இங்கேயும் அந்நியன்! அரசாங்கக் காகிதத்தில் அவர்கள் பெயர் "தாயகம் திரும்பியோர்". இந்தியக் குடியுரிமையோடு வந்தவர்கள். அகதி என்பதே தப்பு. ஆனால் ரேஷன் கடை வரிசையில் வாய்த்தகராறு வந்தால் யார் காகிதத்தைப் பார்க்கிறார்கள்?

கொழுந்து பறிக்கிற கையைப் பார்த்து "மங்குனி" என்றால், அந்த அம்மாள் திருப்பி ஒன்று சொல்லிவிட்டுச் சிரித்துவிடுவார். நாளைக்கு அதே வார்த்தையை மேஸ்திரிக்கே திருப்பலாம். ஆனால் வந்த ஊரைச் சொல்லி, பிறந்த சாதியைச் சொல்லித் திட்டினால்? அதைத் திருப்ப முடியாது. வேலையில் நிமிர்ந்தாலும், பிள்ளை படித்து ஆபீசர் ஆனாலும், அந்தச் சொல் கூடவே வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாலைப் பத்திரிகைகளில் "தகாத வார்த்தைகளால் திட்டி" என்று அடிக்கடி செய்தி வருகிறது. பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாச வார்த்தை பேசினால், புதிய பாரதிய நியாயச் சட்டத்தின் 296-வது பிரிவின்படி 3 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆதிதிராவிடர், பழங்குடியினரைப் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் கதையே வேறு. 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில், அபராதமும் உண்டு. 2024 ஜூலையில், "சண்டாளர்" என்ற சொல்லை சினிமா, பாட்டு, நகைச்சுவை, அரசியல் மேடை எதிலும் பயன்படுத்த வேண்டாம் என்று ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையம் அறிவுறுத்தியது.

கெட்ட வார்த்தைக்கு 3 மாதம். பிறப்பைத் தொட்டால் 5 வருஷம் வரை. எது அதிகம் வலிக்கும் என்பது சட்டத்துக்கும் தெரிந்து இருக்கிறது.

கோபம் வராத மனுஷன் கிடையாது. பஸ்சில் காலை மிதித்தால் வாய் சும்மா இருக்காது. அப்படி வாய் திறக்கும்போது அண்டாவையும் குண்டாவையும் இழுங்கள். நாலு வல்லரசு ஒப்பந்தத்தை இழுங்கள். எதிராளியின் பிறப்பை இழுக்க வேண்டாம்.

ஜபல்பூரில் பந்தைக் கோட்டை விட்ட அந்த அதிகாரி யார்? சேம்பர்லின் சொன்ன கதையில் அவர் பெயர் வருவது இல்லை. அவர் வாங்கிய திட்டு மட்டும், ஒரு ஆட்டத்தின் பெயராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டு இருக்கிறது. அதைக் கேட்டு இன்றைக்கு யாரும் தலை குனிவது இல்லை.